கார்டெக்ஸ்-எம்4 செயலியில் ஃப்ரீஆர்டோஸ்: ஜிடிபி-யில் பணிகளின் பட்டியலை வரவழைப்பது எப்படி?

நுண்பலகை:

வணக்கம். எஸ்டிஎம்32எஃப்407 சில்லில் ஃப்ரீஆர்டோஸ் என்ற சிறிய நிகழ்நேர இயங்குதளம் ஓடும் ஒரு திட்டத்துக்கு டீபக்கர் (பிழை தேடும் கருவி) அமைத்துக்கொண்டிருக்கிறேன். கணினியில் ஆர்ம் செயலிக்கான ஜிடிபி என்ற டீபக்கர், நடுவில் அதைச் சில்லோடு பேசவைக்கும் ஓப்பன்ஓசிடி, பலகையோடு இணைக்க எஸ்டி-லிங்க் என்பதுதான் ஏற்பாடு. சில்லோடு இணைவது, ஃபிளாஷில் நிரலை எழுதுவது, மெயின் ஃபங்ஷனில் போய் நிற்பது ஆகியவை ஒழுங்காக நடக்கின்றன. சிக்கல் அதற்குப் பிறகுதான். எல்லாப் பணிகளும் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தி ‘இன்ஃபோ த்ரெட்ஸ்’ கொடுத்தால் ஒரே ஒரு வரிதான் வருகிறது. அந்த நேரத்தில் எந்தப் பணி செயலியில் இருந்ததோ அதன் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கு) மட்டுமே தெரிகிறது. பெரும்பாலும் அது, வேறு வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் பணியாகவே இருக்கிறது. சென்சாரைப் படிக்கும் பணி எங்கோ காத்துக்கிடக்கிறது என்பது உறுதி. ஆனால் எந்த வரியில், எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க வழி தெரியவில்லை.

ஓப்பன்ஓசிடி-யின் அமைப்புக் கோப்பில், இயங்குதளம் ஃப்ரீஆர்டோஸ் என்று அறிவிக்கும் வரியையும் சேர்த்துப் பார்த்தேன். அதிலிருந்து ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ‘யூஎக்ஸ்-டாப்-யூஸ்டு-பிரையாரிட்டி வரையறுக்கப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வருகிறது. அந்தப் பெயரை ஃப்ரீஆர்டோஸின் மூலநிரலில் தேடினால் மாறி எதுவும் அகப்படவில்லை. இந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது?

அடுக்குநோக்கி:

முதலில் யாருக்கு எது தெரியும் என்பதைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஜிடிபி-க்கு ஆர்ம் கட்டளைகள் தெரியும். உங்கள் இஎல்எஃப் கோப்பில் (பில்டில் கிடைக்கும் இறுதி நிரல் கோப்பு) உள்ள பெயர்களும் வரி எண்களும் தெரியும். ஃப்ரீஆர்டோஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஓப்பன்ஓசிடி-க்குச் சில்லையும் கோரையும் தெரியும். ஃப்ரீஆர்டோஸ் தன் பணிப் பட்டியல்களை நினைவகத்தில் எந்த வடிவத்தில் வைத்திருக்கும் என்ற ஒரு முன்னறிவும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல்கள் உங்கள் நிரலில் எந்த முகவரியில் இருக்கின்றன என்பது அதற்குத் தெரியாது. ஆகவே இணைப்பு ஏற்பட்டதும் அது ஜிடிபி-யிடம் ஒவ்வொரு பெயராகக் கேட்கும்: பிஎக்ஸ்-கரண்ட்-டிசிபி (தற்போது ஓடும் பணியின் டிசிபி-யை, அதாவது பணிக் கட்டுப்பாட்டுத் தொகுதியைச் சுட்டும் மாறி) எங்கே, பிஎக்ஸ்-ரெடி-டாஸ்க்ஸ்-லிஸ்ட்ஸ் எங்கே, தாமதித்து நிற்கும் பணிகளின் பட்டியல்கள் எங்கே என்று. ஜிடிபி இஎல்எஃப் கோப்பைப் பார்த்து முகவரியைச் சொல்லும். அதன்பின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓப்பன்ஓசிடி அந்த முகவரிகளிலிருந்து பட்டியல்களை நேரடியாகப் படித்து, ஒவ்வொரு பணியையும் ஒரு த்ரெட்டாக ஜிடிபி-க்குக் காட்டும்.

இதிலிருந்தே இரண்டு விதிகள் கிடைக்கின்றன. இஎல்எஃப் கோப்பை ஜிடிபி-யில் ஏற்றிய பிறகே 3333-ஆவது போர்ட்டில் இணைய வேண்டும். பெயர்கள் கையில் இல்லாதபோது கேள்வி வந்தால் ஜிடிபி-யால் பதில் சொல்ல முடியாது. அடுத்து, ஓப்பன்ஓசிடி கேட்கும் பெயர்கள் இஎல்எஃப் கோப்பில் உண்மையிலேயே இருக்க வேண்டும்.

நீங்கள் சொல்லும் செய்தி இந்த இரண்டாவது விதியைச் சேர்ந்தது. ரெடி பட்டியல் என்பது முன்னுரிமைக்கு ஒன்றாக அமைந்த பட்டியல்களின் வரிசை. அதில் எத்தனை பட்டியல்கள் உள்ளன என்று தெரிந்தால்தான் ஓப்பன்ஓசிடி எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய முடியும். அந்த எண்ணிக்கையை முன்பு கெர்னலே இந்த மாறியில் வைத்திருந்தது, 7.5.3 பதிப்புக் காலத்தில் அது கெர்னலிலிருந்து போய்விட்டது. புதிய பதிப்புகளில் மீண்டும் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆனால் உங்கள் பதிப்பில் இல்லை. எனவே அதை நாமே கொடுக்க வேண்டும். ஓப்பன்ஓசிடி-யின் மூலநிரல் தொகுப்பில், ‘கான்ட்ரிப்’ அடைவுக்குள் ‘ஆர்டிஓஎஸ்-ஹெல்ப்பர்ஸ்’ என்ற பகுதியில் இதற்கென்றே ஒரு சிறிய சி கோப்பு இருக்கிறது. அதன் சாரம் ஒரே வரிதான்: அந்தப் பெயரில் ஒரு மாறிலி, அதன் மதிப்பு உங்கள் அமைப்புக் கோப்பில் கொடுத்துள்ள அதிகபட்ச முன்னுரிமை எண்ணிலிருந்து ஒன்று குறைவு. அதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நுண்பலகை:

தெளிவான விளக்கத்துக்கு நன்றி. கோப்பைச் சேர்த்துவிட்டேன், கம்பைல் ஆகிறது. ஆனாலும் அதே செய்திதான் வருகிறது. கோப்பிலுள்ள பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியால் பார்த்தபோது, அந்தக் கோப்பிலிருந்து உருவான ஆப்ஜெக்ட் கோப்பில் பெயர் இருக்கிறது. இறுதி இஎல்எஃப் கோப்பில் இல்லை.

லிங்கர்வழி:

பயன்படாத பகுதிகளை நீக்கும்படி லிங்கரிடம் (ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒன்றாக இணைக்கும் கருவி) சொல்லியிருப்பீர்கள். இந்த மாறியை உங்கள் நிரலில் யாரும் குறிப்பிடுவதில்லை, ஆகவே லிங்கர் அதைத் தேவையற்றது என்று கழித்துவிடுகிறது. அந்தக் கோப்பில் ‘யூஸ்டு’ என்ற அடைமொழி இருக்கும், ஆனால் அது கம்பைலரின் கையிலிருந்துதான் மாறியைக் காப்பாற்றும். லிங்கரின் நீக்கலைத் தடுக்காது. லிங்கருக்கான தெரிவுகளில் ‘அன்டிஃபைன்டு’ என்பதை இந்தப் பெயரோடு கொடுங்கள். அப்போது அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டிய ஒன்றாக லிங்கர் எடுத்துக்கொள்ளும். லிங்கர் ஸ்கிரிப்டில் ‘கீப்’ என்று குறித்தாலும் சரி.

கூடவே இன்னொன்று. லிங்க் நேர உகப்பாக்கத்தை இயக்கியிருந்தால், கெர்னலின் ஸ்டாட்டிக் மாறிகள் சில பின்னொட்டோடு வேறு பெயரில் வரலாம், சில காணாமலும் போகலாம். டீபக் செய்வதற்கான பில்டில் அதை அணைத்துவிடுவதே நலம்.

நுண்பலகை:

இப்போது பட்டியல் முழுமையாக வருகிறது. மிக்க நன்றி. ஒவ்வொரு பணியும் தன் பெயரோடு தெரிகிறது. சென்சார் பணிக்கு மாறி ‘பேக்ட்ரேஸ்’ கொடுத்தால், ஐ2சி பஸ்ஸுக்கான மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) எடுக்கும் வரியில் அது நிற்பது தெரிகிறது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பணிகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஷெட்யூலர் தொடங்குமுன் மெயினில் நிறுத்தினால், பட்டியலில் ‘கரண்ட் எக்ஸிகியூஷன்’ என்ற ஒரே வரிதான் வருகிறது. இது இயல்பா? மேலும், ஒவ்வொரு பணியின் ஸ்டாக்கிலும் அடிமட்டத்தில் பிஆர்வி-டாஸ்க்-எக்ஸிட்-எரர் என்ற ஃபங்ஷனின் பெயர் இருக்கிறது. பெயரிலேயே பிழை என்று இருப்பதால் கவலையாக உள்ளது.

அடுக்குநோக்கி:

இரண்டுமே இயல்பானவை. ஷெட்யூலர் தொடங்குவதற்கு முன் எந்தப் பணியும் ஓடவில்லை. இருப்பது செயலியின் தற்போதைய ஓட்டம் மட்டுமே. அந்த ஃபங்ஷனைப் பொறுத்தவரை, ஒரு பணியை உருவாக்கும்போது அதன் ஸ்டாக்கில் செயற்கையான ஒரு தொடக்க நிலையை ஃப்ரீஆர்டோஸ் எழுதிவைக்கிறது. அதில் திரும்பும் முகவரிக்கான இடத்தில் இந்தப் ஃபங்ஷனின் முகவரியைப் போடுகிறது, ஏனென்றால் ஒரு பணியின் ஃபங்ஷன் ஒருபோதும் திரும்பி வரக்கூடாது. வந்தால் இங்கே சிக்க வேண்டும். ஜிடிபி அந்த முகவரியைப் பார்த்து, அழைத்தவர் இவர்தான் என்று காட்டுகிறது. ஓடும் பணியே உண்மையில் அதற்குள் போய் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஓடாத பணிகளின் ரெஜிஸ்டர் மதிப்புகள் செயலியிலிருந்து வருவதில்லை, அந்தந்தப் பணியின் ஸ்டாக்கில் சேமிக்கப்பட்டவற்றிலிருந்து வருகின்றன என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே அவற்றைப் படியுங்கள். மாற்ற முயல வேண்டாம். சென்சார் பணி எடுக்கக் காத்திருக்கும் மியூடெக்ஸின் கட்டமைப்பைத் திறந்து பார்த்தால், அதை இப்போது வைத்திருக்கும் பணியின் டிசிபி முகவரியும் அதற்குள்ளேயே கிடைக்கும். அந்தப் பணி எங்கே நிற்கிறது என்று அடுத்துப் பாருங்கள்.

மிதவைஎண்:

இந்த இழையைப் படித்துவிட்டு இதே அமைப்பை என் பலகையில் செய்தேன். பணிகளின் பெயர்கள் சரியாக வருகின்றன. தற்போது ஓடும் பணியின் ஸ்டாக்கும் சரி. ஆனால் மற்றப் பணிகளுக்கு மாறினால் பேக்ட்ரேஸ் குப்பையாக இருக்கிறது. பல பணிகளில் புரோகிராம் கவுன்ட்டர் ஹெக்ஸ் முறையில் 61000000 என்றோ 01000000 என்றோ காட்டுகிறது. இந்தச் சில்லில் ஃபிளாஷ் 08000000-இல் தொடங்குவதால் இது நிரலின் முகவரியாக இருக்கவே முடியாது. சில பணிகளில் இதுவும் இல்லாமல் வேறு ஏதோ எண் வருகிறது. நினைவகம் சிதைந்திருக்கிறதா? நிரல் என்னவோ பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

அடுக்குநோக்கி:

நினைவகம் சிதையவில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் கொடுத்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. 61000000, 01000000 இரண்டிலும் 24-ஆவது பிட் ஒன்றாக இருக்கிறது. அது தம்ப் (இந்தச் செயலியின் கட்டளை வடிவம்) நிலையைக் குறிக்கும் பிட்; இருக்க வேண்டிய இடம் செயலியின் நிலையைக் காட்டும் எக்ஸ்பிஎஸ்ஆர் ரெஜிஸ்டர். அதாவது எக்ஸ்பிஎஸ்ஆரின் மதிப்பைப் புரோகிராம் கவுன்ட்டர் என்று ஓப்பன்ஓசிடி படிக்கிறது. இரண்டும் ஸ்டாக்கில் அடுத்தடுத்து இருப்பவை. கணக்கு சரியாக ஒரு சொல் அளவு, அதாவது 4 பைட் தள்ளிப் போயிருக்கிறது.

எங்கிருந்து அந்த ஒரு சொல் வந்தது என்று பார்ப்போம். பணி மாறும்போது செயலியே 8 ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் வைக்கிறது. அதன்மேல் ஃப்ரீஆர்டோஸின் போர்ட் அடுக்கு (அந்தந்தச் செயலிக்கென எழுதப்பட்ட பகுதி) தன் பங்குக்கு ஆர்4 முதல் ஆர்11 வரை வைக்கிறது. எம்3-க்கான போர்ட் அத்தோடு நிறுத்திக்கொள்ளும்: மொத்தம் 16 சொற்கள். மிதவை எண் அலகு உள்ள எம்4எஃப் போர்ட் இவற்றோடு எல்ஆர் ரெஜிஸ்டரில் உள்ள எக்ஸெப்ஷன் திரும்பு மதிப்பையும் (குறுக்கீட்டிலிருந்து எப்படித் திரும்புவது என்று செயலிக்குச் சொல்வது) சேர்த்து வைக்கும்: 17 சொற்கள், 68 பைட். அந்தப் பணி மிதவை எண் ரெஜிஸ்டர்களைத் தொட்டிருந்தால் செயலி வைக்கும் சட்டகம் 8 சொற்களிலிருந்து 26 சொற்களாக வளரும். எஸ்16 முதல் எஸ்31 வரையுள்ளவற்றை போர்ட் அடுக்கும் சேர்த்து வைப்பதால் மொத்தம் 51 சொற்கள், 204 பைட் ஆகும்.

இவற்றில் எது என்று ஓப்பன்ஓசிடி எப்படி முடிவு செய்கிறது என்பதுதான் உங்கள் சிக்கலின் மையம். அது உங்கள் போர்ட் எது என்று பார்ப்பதில்லை, பார்க்க வழியும் இல்லை. மிதவை எண் அலகு இயக்கப்பட்டிருக்கிறதா என்று சிபிஏசிஆர் ரெஜிஸ்டரைப் பார்க்கிறது. இயக்கப்பட்டிருந்தால் எம்4எஃப் போர்ட்தான் என்று எடுத்துக்கொண்டு, திரும்பு மதிப்பு இருக்க வேண்டிய இடத்திலுள்ள சொல்லின் 4-ஆவது பிட்டைப் பார்த்து, சிறிய சட்டகமா பெரிய சட்டகமா என்று தீர்மானிக்கிறது. நீங்கள் எம்3 போர்ட்டைப் பயன்படுத்தினால் அந்த இடத்தில் இருப்பது ஆர்0-வின் மதிப்பு. அதன் 4-ஆவது பிட் ஒன்றாக இருக்கும் பணிகளில் ஒரு சொல் தள்ளிப் படித்து 61000000 காட்டும். சுழியமாக இருக்கும் பணிகளில் வெகுதூரம் தள்ளிப் படித்து வேறு எதையோ காட்டும்.

ஆகவே இரண்டைச் சரிபாருங்கள்: திட்டத்தில் இருப்பது எம்3-க்கான போர்ட் கோப்பா? தொடக்கக் கோப்பில் மிதவை எண் அலகை நிபந்தனையின்றி இயக்கும் வரி இருக்கிறதா?

மிதவைஎண்:

இரண்டுமே இருக்கின்றன. போர்ட் எம்3-க்கானது, தொடக்கக் கோப்பு வேறொரு திட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது, அதில் அலகு நிபந்தனையின்றி இயக்கப்படுகிறது. கம்பைலருக்கு மென்பொருள் மிதவை என்று சொல்லியிருப்பதால் எங்கும் மிதவை எண் கட்டளைகள் இல்லை.

அடுக்குநோக்கி:

மென்பொருள் மிதவையாக இருப்பதால்தான் நிரல் நன்றாக ஓடுகிறது. நாளை யாரேனும் வேகத்துக்காகக் கம்பைலர் தெரிவை வன்பொருள் மிதவைக்கு மாற்றினால், அந்த நிமிடமே இது டீபக்கரின் காட்சிப் பிழை என்ற நிலையைத் தாண்டிவிடும். எம்3 போர்ட் எஸ்16 முதலான ரெஜிஸ்டர்களைச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு பணிக்கும் உரிய திரும்பு மதிப்பையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதில்லை. பெரிய சட்டகத்தோடு வெளியேறிய பணியின் திரும்பு மதிப்பைக் கொண்டு, சிறிய சட்டகம் உள்ள பணிக்குள் செயலி நுழையும்; ஸ்டாக் சுட்டி இடம் தவறும்; செயலியின் பிழைநிலையான ஹார்டுஃபால்ட்டில் போய் முடியும். அது எப்போது நேரும் என்பது பணிகள் மாறும் வரிசையைப் பொறுத்தது என்பதால், தேடிப்பிடிப்பது மிகக் கடினம். இப்போதே எம்4எஃப் போர்ட்டுக்கும் வன்பொருள் மிதவைக்கும் சேர்த்து மாறிவிடுங்கள். மாற விருப்பமில்லையெனில் தொடக்கக் கோப்பில் உள்ள அந்த வரியையாவது எடுத்துவிடுங்கள்.

மிதவைஎண்:

எம்4எஃப் போர்ட்டுக்கு மாறிவிட்டேன். எல்லாப் பணிகளின் ஸ்டாக்கும் இப்போது வரி எண்களோடு சரியாக வருகிறது. உளமார்ந்த நன்றி.

நுண்பலகை:

என் பக்கமும் ஒரு முன்னேற்றம். மியூடெக்ஸை வைத்திருக்கும் பணியின் டிசிபி-யை அச்சிட்டுப் பார்த்தேன். அது பதிவேற்றும் பணி. அந்தப் பணிக்கு மாறினால், அது ஒரு கியூவிலிருந்து வாசிக்கும் வரியில் முடிவில்லாக் காத்திருப்பில் நிற்கிறது. அந்தக் கியூவை நிரப்ப வேண்டியது சென்சார் பணி. ஒன்றுக்காக ஒன்று காத்து இரண்டும் உறைந்திருக்கின்றன. கியூவில் காத்திருப்பதற்கு முன் மியூடெக்ஸை விடும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது.

இப்போது வேறொன்று. இந்த மாற்றத்தைச் சோதிக்க ஒவ்வொரு வரியாக நகரும்போது, சில சமயம் அடுத்த வரிக்குப் போகாமல் சிஸ்டிக் (சீரான இடைவெளியில் துடிக்கும் டைமர்) குறுக்கீட்டின் ஹேண்ட்லருக்குள் போய் நிற்கிறது. எல்லா நேரமும் அல்ல.

லிங்கர்வழி:

அப்போது எத்தனை பிரேக்பாயிண்ட்கள் வைத்திருந்தீர்கள்? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கோரில் நிரல் முகவரிக்கான வன்பொருள் ஒப்பீட்டான்கள் 6 மட்டுமே. ஃபிளாஷில் வைக்கும் ஒவ்வொரு பிரேக்பாயிண்ட்டும் அதில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. வரி வரியாக நகரும்போது குறுக்கீடுகளை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஓப்பன்ஓசிடி-யில் ‘மாஸ்க்-ஐஎஸ்ஆர்’ என்ற அமைப்பு உண்டு. அதன் இயல்பு மதிப்பு ‘ஆட்டோ’. அந்த முறையில், நிலுவையில் உள்ள குறுக்கீடுகளை முதலில் ஓடவிட்டு, பிறகு அவற்றை மறைத்துவிட்டு ஒரு கட்டளை மட்டும் நகரும். இதைச் செய்ய அதற்கே ஓர் ஒப்பீட்டான் வேண்டும். ஆறையும் நீங்களே பிடித்துக்கொண்டால், குறுக்கீடுகளைத் திறந்துவைத்தபடியே நகரும். அப்போதுதான் சிஸ்டிக்கில் போய் விழுவீர்கள். ‘ஃபினிஷ்’ போன்ற கட்டளைகளும் தற்காலிகமாக ஒன்றைக் கேட்கும். ஆகவே நான்குக்கு மேல் நிலையாக வைக்காமல் இருப்பது என் வழக்கம்.

‘ஸ்டெப்-ஒன்லி’ என்று மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இராது. நகரும்போது குறுக்கீடுகள் முற்றிலும் மறைக்கப்படும். தொடர்ந்து ஓடவிடும்போது திறக்கப்படும். ஒரு கணக்கீட்டைப் பின்தொடர இதுவே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

அடுக்குநோக்கி:

பிரேக்பாயிண்ட் கணக்கு சரிதான். ஆனால் ‘ஸ்டெப்-ஒன்லி’யைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கீட்டுக்கு அது பொருந்தும். இவர் சோதிப்பது இரண்டு பணிகளுக்கு இடையிலான கைமாற்றம். அங்கே குறுக்கீடுகளை மறைத்தால், நகரும் வரை பணி மாற்றமே நிகழாது. உண்மையில் நிகழாத ஒரு வரிசையைப் பார்த்துவிட்டுத் திருத்தம் சரியென்று நம்பும்படி ஆகிவிடும். அங்கே ‘ஆட்டோ’வே தகும். அதிலும் ஓர் எல்லை உண்டு: குறுக்கீடு முடியும்போது உயர்ந்த முன்னுரிமையுள்ள பணி ஒன்று எழுந்து 500 மில்லிநொடிக்குள் திரும்பாவிட்டால், ஓப்பன்ஓசிடி கோரை ஓடும் நிலையிலேயே விட்டுவிடும். அப்படியானால் நகர்வதைக் கைவிட்டு, எட்ட வேண்டிய வரியில் பிரேக்பாயிண்ட் வைத்து ஓடவிடுங்கள்.

லிங்கர்வழி:

கைமாற்றத்தைச் சோதிக்கும்போது அப்படித்தான் என்பதை ஏற்கிறேன். மற்ற வேளைகளில் என் தெரிவு மாறவில்லை.

குறைமின்னோட்டம்:

பேட்டரியில் ஓடும் கருவிகளுக்கு இதே சில்லைப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஃப்4 வரிசைக்கான ஓப்பன்ஓசிடி-யின் இலக்குக் கோப்பு, இணைந்தவுடன் சில்லின் டீபக் அமைப்புகளுக்கான டிபிஜி-எம்சியூ ரெஜிஸ்டர்களில் சில பிட்டுகளை எழுதுகிறது. ஸ்லீப், ஸ்டாப், ஸ்டான்ட்பை நிலைகளிலும் டீபக் இணைப்பு அறாமல் இருக்கவும், கோர் நிற்கும்போது இரண்டு வாட்ச்டாக் டைமர்களும் உறைந்து நிற்கவும் அவை உதவுகின்றன. இவை இல்லாவிட்டால் ஐடில் பணி செயலியை ஸ்டாப் நிலைக்கு அனுப்பும் ஒவ்வொரு முறையும் இணைப்பு போய்விடும். மற்ற டைமர்கள் அப்படியல்ல; அவற்றுக்குரிய பிட்டை நீங்களே எழுதாவிட்டால் கோர் நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாரை இயக்கும் பலகையில் பிரேக்பாயிண்ட் வைப்பவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த உறக்க நிலைப் பிட்டுகள் சாதாரண ரீசெட்டில் அழிவதில்லை. டீபக்கரைக் கழற்றிய பிறகும், மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்து மீண்டும் கொடுக்கும் வரை அவை நீடிக்கும். அதுவரை ஸ்டாப் நிலையில் மின்னோட்டத்தை அளந்தால் கிடைக்கும் எண் பொருளற்றது. கிளாக்குகள் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நுண்பலகை:

பயனுள்ள தகவல். இறுதியாக ஒன்று கேட்கிறேன். ஸ்டாக் நிரம்பி வழிவதைப் பிடிப்பதற்காக ஃப்ரீஆர்டோஸில் உள்ள சோதனைகளை எல்லாம் இயக்கலாம் என்றிருக்கிறேன். பட்டியல்களின் நேர்மையைச் சரிபார்க்கும் தெரிவையும் சேர்த்து இயக்கினால் இந்த அமைப்பு பாதிக்குமா?

அடுக்குநோக்கி:

ஸ்டாக் சோதனையால் ஒன்றும் ஆகாது. பட்டியல் நேர்மைத் தெரிவு பாதிக்கும். ஓப்பன்ஓசிடி-க்குள் இருப்பவை நிலையான ஆஃப்செட்கள்: ஒரு பட்டியல் 20 பைட், பணியின் பெயர் டிசிபி-யின் தொடக்கத்திலிருந்து 52-ஆவது பைட்டில். 52 எப்படி வந்தது என்று நீங்களே கூட்டிப் பார்க்கலாம்: ஸ்டாக் சுட்டி 4, பட்டியல் உறுப்புகள் இரண்டு 40, முன்னுரிமை 4, ஸ்டாக்கின் தொடக்கம் 4. நேர்மைத் தெரிவு ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு உறுப்பிலும் சரிபார்ப்புச் சொற்களைச் செருகுவதால் இந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். நினைவகப் பாதுகாப்பு அலகுக்கான போர்ட்டும் டிசிபி-யின் தொடக்கத்தில் தன் அமைப்புகளைச் செருகுகிறது. புதிய பதிப்புகளில் உள்ள ‘மினி லிஸ்ட் ஐட்டம்’ தெரிவை அணைத்தால் ஒரு பட்டியலின் அளவு 20-இலிருந்து 28 பைட்டாகும்.

இவற்றில் எதையேனும் இயக்கியே ஆக வேண்டுமென்றால், அந்த பில்டில் டிசிபி-யின் கட்டமைப்பை ஜிடிபி-யின் ‘பிடைப்’ கட்டளையை ஆஃப்செட் தெரிவோடு கொடுத்து அச்சிட்டு, பெயருக்கான புலம் 52-இல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த பில்டில் பணிப் பட்டியலை நம்ப வேண்டாம். பிஎக்ஸ்-கரண்ட்-டிசிபி-யை நேரடியாக அச்சிடுங்கள், ஜிடிபி இஎல்எஃப் கோப்பிலுள்ள வடிவத்தைக் கொண்டு அதைச் சரியாகவே காட்டும்.